பழுதா, பூட்டா? போன், பிரிண்டர், வாட்ச் ஒன்றோடொன்று சேர மறுத்தால் என்ன செய்வது

தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "கெட்டுப்போச்சுங்க" என்று கொண்டுவரும் பொருட்களில் கணிசமானவை கெட்டுப்போயிருக்காது. கழற்றிப் பார்த்தால் போர்டு நன்றாக இருக்கும், பேட்டரி நன்றாக இருக்கும். வேறு கம்பெனிப் பொருளோடு சேரக் கூடாது என்று தயாரித்தவர்களே தடுத்து வைத்திருப்பார்கள். இதில் அதிகம் அடிபடுவது அந்தக் கம்பெனியை நம்பி வருஷக்கணக்காக அதையே வாங்கியவர்கள்தான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கடையில் நான் இதைப் பழுது, பூட்டு என்று பிரித்துவிடுவேன். பழுது என்றால் சரிசெய்யலாம். பூட்டு என்றால் ரிப்பேருக்குக் கொடுக்கிற பணம் அத்தனையும் வீண். எதில் சந்தேகம் வந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அதே கம்பெனியின் ஒரிஜினல் சார்ஜரோ கார்ட்ரிட்ஜோ போனோ யாரிடமாவது இரவல் வாங்கி, மாட்டிப் பாருங்கள். அதோடு ஓடுகிறது, மற்றதோடு மட்டும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் பூட்டு. அதோடும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் பழுது. இந்த ஐந்து நிமிஷ வேலையைச் செய்யாமல் சேலத்துக்கு பஸ் ஏறியவர்கள் நிறைய.

## பிரிண்டர் கார்ட்ரிட்ஜை ஏற்க மறுக்கிறது

### நேற்று வரை ஓடியது, இன்று காலையில் நின்றது

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு முந்தின நாள். பென்னாகரம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண், டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கத்தில் பிரிண்டரைத் துண்டில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். "அண்ணா, நேத்து சாயந்திரம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. காலையில ஆன் பண்ணினா கார்ட்ரிட்ஜை மாத்துன்னு காட்டுது. மை பாதிக்கு மேல இருக்குண்ணா."

மூடியைத் திறந்து, வேறு கம்பெனி சிப் உள்ள அவருடைய கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தேன். சிப் என்பது கார்ட்ரிட்ஜை பிரிண்டருக்கு அடையாளம் காட்டுவது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதன்மேல் செப்பு நிறத்தில் வரிசையாகப் புள்ளிகள். ஒரு புள்ளியில் மை காய்ந்திருந்தது. பஞ்சு பிரியாத துணியை லேசாக நனைத்துத் துடைத்து, காயவிட்டு, திரும்ப மாட்டினேன். அதே செய்தி. அலமாரியில் கிடந்த காலி ஒரிஜினல் ஒன்றைப் போட்டேன். சிவப்பு விளக்கு அணைந்தது, "மை குறைவு" என்று மட்டும் காட்டியது. காலி கார்ட்ரிட்ஜை ஏற்கிறது, பாதிக்கு மேல் மை உள்ளதை மறுக்கிறது. ராத்திரி வைஃபை அணைக்காமல் போயிருக்கிறார். பிரிண்டர் தானாகவே அப்டேட் எடுத்திருக்கிறது, பூட்டு அதில் வந்தது.

எட்டு வருஷமாக அவர் வாங்குவது அதே கம்பெனிதான், இது மூன்றாவது பிரிண்டர். "எட்டு வருஷமா இவங்களதத்தானே வாங்கறேன்," என்று மெதுவாகச் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சங்கடம் குறைவாக இருந்திருக்கும். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் இதைச் செய்கின்றன.

இந்த நிலையில் பார்க்க வேண்டியவை, செலவில்லாததிலிருந்து:

பிரிண்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள். அப்புறம் மேலே சொன்னபடி சிப்பின் புள்ளிகளையும், கார்ட்ரிட்ஜ் உட்காரும் இடத்தில் அதற்கு எதிரே உள்ள ஊசிகளையும் துடையுங்கள். மை வரும் துவாரத்தைத் தொட வேண்டாம்.

அடுத்தது ஒரிஜினலைப் போட்டுப் பார்ப்பது. ஏற்றுக்கொண்டால் பூட்டு என்று முடிவு. உடனே பிரிண்டரின் செட்டிங்ஸுக்குப் போய் தானாக அப்டேட் ஆவதை நிறுத்துங்கள். திரை இல்லாத பிரிண்டராக இருந்தால் அதன் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குக் கிடைத்த எண்) கம்ப்யூட்டர் பிரவுசரில் அடித்தால் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். இது இனி வரும் பூட்டுகளைத் தடுக்கும், விழுந்த பூட்டைத் திறக்காது. யூஎஸ்பி வயரிலேயே வேலை நடக்கும் கடைகளில் வைஃபையே வேண்டியதில்லை.

பிறகு, கார்ட்ரிட்ஜ் விற்ற கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள். புது சிப் வைத்த சரக்கு வந்திருந்தால் பல கடைக்காரர்கள் மாற்றித் தருவார்கள். தராவிட்டால், காலியான ஒரிஜினலில் மை நிரப்புவது அடுத்த வழி. ஹெச்பியின் "டைனமிக் செக்யூரிட்டி" பூட்டு, கம்பெனி சொல்கிறபடியே, ஒரிஜினல் சிப் உள்ள ரீஃபில் கார்ட்ரிட்ஜைத் தடுப்பதில்லை. அதனால் காலி ஒரிஜினலைக் குப்பையில் போடாதீர்கள். பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இந்தப் பூட்டு புதிதும் இல்லை. 2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்பியின் ஆபீஸ்ஜெட் வகைகள் பலவும் வேறு கம்பெனி சிப் உள்ள கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் மறுத்தன. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அந்தப் பூட்டு இல்லாத ஃபர்ம்வேரையும் (பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருள்) கம்பெனி வெளியிட்டது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

### ஒரிஜினலையே ஏற்கவில்லை

அந்த ஒரிஜினல் எங்கிருந்து வந்தது? நண்பருடைய பிரிண்டரிலிருந்து எடுத்ததென்றால் அதுவே காரணமாக இருக்கலாம். சில பிரிண்டர்களில் "கார்ட்ரிட்ஜ் புரொடெக்ஷன்" என்ற செட்டிங் உண்டு. அது ஆனில் இருக்கும்போது போட்ட கார்ட்ரிட்ஜ் ஆயுள் முழுக்க அந்த ஒரு பிரிண்டருக்கே கட்டுப்பட்டுவிடும். அதை வேறு எங்கேயும் போட முடியாது, நானும் திறக்க முடியாது. உங்கள் பிரிண்டரில் அந்த செட்டிங்கை இன்றே அணைத்துவிடுங்கள்.

பெட்டி பிரிக்காத புது ஒரிஜினல் இரண்டு போட்டும் ஏற்கவில்லை என்றால் அது பழுது. உள்ளே ஊசி வளைந்திருக்கலாம், மை தெளிக்கும் ஹெட் போயிருக்கலாம். அங்கே கையை வைக்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள். எங்கிருந்தோ இறக்கிய பழைய ஃபர்ம்வேரை நீங்களே ஏற்றவும் வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும். நம் ஊர் கரண்ட் உங்களுக்குத் தெரியும்.

### கம்பெனி கணக்கில் பதிந்தால்தான் ஓடும் என்கிறது

ஹெச்பி பிளஸ் திட்டத்தில் சேர்த்த பிரிண்டர்கள் இப்படி. எப்போதும் இன்டர்நெட் வேண்டும், ஒரிஜினல் மை மட்டுமே வேண்டும், ஒருமுறை சேர்ந்தால் விலக முடியாது. முதல்முறை செட்டப் செய்யும்போது கூடுதல் வாரன்டி என்று ஆசை காட்டுவார்கள். படித்துப் பார்க்காமல் சம்மதம் கொடுக்காதீர்கள்.

கடை வைத்திருப்பவர் அடுத்த பிரிண்டர் வாங்குகிறார் என்றால் நான் காட்டுவது இங்க் டேங்க் வகையைத்தான். எப்சனின் எல் வரிசை, கேனனின் ஜி வரிசை போன்றவற்றில் பாட்டிலில் இருந்து மையை ஊற்றுவதோடு சரி. மட்டமான மை ஊற்றினால் ஹெட் அடைக்கும். அந்தக் கவனம் வேண்டும். லேசரில், சிப்பே இல்லாத 12ஏ டோனர் போடும் பழைய லேசர்ஜெட் 1020 இன்னும் நம் ஊர்க் கடைகளில் ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது.

## வாட்ச் போனோடு சேரவில்லை

ஓசூரில் வேலை பார்க்கும் பையன் பெங்களூரு எஸ்பி ரோட்டில் வாட்ச் வாங்கிப் பாலக்கோட்டில் இருக்கும் அப்பாவுக்குக் கொடுப்பான். இரண்டு நாள் கழித்து அப்பா என் கடைக்கு வருவார். அதனால் முதல் கேள்வி எப்போதும் இது: எந்த வாட்ச், எந்த போன்?

### வாட்ச் ஆப்பிள், போன் ஆண்ட்ராய்டு

சேராது. ஆப்பிள் வாட்சை செட்டப் செய்ய ஐபோன் வேண்டும். 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள் மீது போட்ட வழக்கில் இந்த வாட்ச் விஷயமும் ஒரு குற்றச்சாட்டு. வழக்கு அங்கே நடக்கட்டும்; உங்கள் வாட்சை வீட்டில் ஐபோன் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள், இல்லையென்றால் வாங்கிய கடையில் மாற்றுங்கள்.

### வாட்ச் சாம்சங், போன் ஐபோன்

2021இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் ஐபோனோடு சேராது. அதற்கு முந்தைய மாடல்கள் பல சேரும். பழைய மாடலை ஐபோனில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்துவிட்டு, அதே கம்பெனியின் புது வாட்சை ஆசையாக வாங்கி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

### வாட்சும் போனும் ஆண்ட்ராய்டு வகைதான், ஆனாலும் சேரவில்லை

இது பெரும்பாலும் சாதாரண விஷயம். போனின் ப்ளூடூத் பட்டியலில் அந்த வாட்சை நீக்குங்கள். போனில் உள்ள வாட்சின் ஆப்பை அப்டேட் செய்து, லொகேஷன் அனுமதி கொடுங்கள். வாட்ச் முன்பு வேறொரு போனில் இருந்திருந்தால் அங்கே நீக்கிவிட்டு, வாட்சை ரீசெட் செய்து, புதிதாகச் சேருங்கள். இதிலேயே பெரும்பாலானவை சரியாகிவிடும்.

சேர்ந்துவிட்டது, ஆனால் இசிஜி வேலை செய்யவில்லை என்றால் அது மறுபடியும் பூட்டு. சாம்சங் வாட்சில் அதற்கான ஆப் சாம்சங் போனில்தான் ஓடும். அப்பாவுக்கு நெஞ்சு வலி இருக்கிறதென்று இதற்காகவே வாட்ச் வாங்குகிறவர்கள் வாங்கும் முன் போனைப் பாருங்கள். வலி வந்தால் எந்த வாட்சும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

### பழைய ஆள் பெயர் கேட்கிறது

செகண்ட் ஹேண்ட் ஆப்பிள் வாட்சில் முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்படாமல் இருந்தால் உங்கள் ஐபோனோடும் சேராது. விற்றவரைப் பிடித்து நீக்கச் சொல்லுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பொருள் திருட்டாகவும் இருக்கலாம். என்னிடம் கொண்டுவந்தாலும் திறக்க மாட்டேன்.

"எல்லா வாட்சையும் எல்லா போனிலும் சேர்க்கும் ஆப்" என்று விற்கிறார்கள். காசு கொடுக்காதீர்கள். 2009இல் பாம் ப்ரீ என்ற போன், தன்னை ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாட் என்று காட்டிக்கொண்டு, ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருளிலிருந்து பாட்டு ஏற்றிக்கொண்டது. ஜூலையில் வந்த ஐடியூன்ஸ் அப்டேட் அதை நிறுத்தியது. பாம் கம்பெனி தன் அப்டேட்டால் திரும்பச் சேர்த்தது. செப்டம்பரில் மறுபடி நின்றது. இடையில் மாட்டிக்கொண்டு முழித்தது காசு கொடுத்து வாங்கியவர்கள். கம்பெனி அனுமதிக்காத குறுக்கு வழி அடுத்த அப்டேட் வரைக்கும்தான்.

## ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறியபின் சிலருடைய மெசேஜ் மட்டும் வரவில்லை

பேங்க் ஓடிபி வருகிறதா? வந்தால் சிம்மில் பழுதில்லை. ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்புவது மட்டும் வரவில்லை என்றால் உங்கள் எண் இன்னும் ஆப்பிளின் சொந்த மெசேஜ் சேவையான ஐமெசேஜில் பதிந்திருக்கிறது. நண்பரின் போன் உங்களை இன்னும் ஐபோன்காரர் என்றே நினைத்து அந்த வழியில் அனுப்புகிறது.

பழைய ஐபோன் கையில் இருந்தால் சிம்மை அதில் போட்டு, செட்டிங்ஸில் ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் அணையுங்கள். விற்றுவிட்டீர்களா? ஆப்பிளின் இணையதளத்தில் ஐமெசேஜ் பதிவை நீக்கும் பக்கம் இருக்கிறது. அதில் எண்ணைக் கொடுத்தால் ஆறு இலக்கக் குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வரும், அதை அடித்தால் வேலை முடிந்தது. 2014இல் பலர் புகார் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கமே வந்தது.

அப்புறமும் ஓரிருவரிடமிருந்து வரவில்லை என்றால், அவர்கள் போனில் உங்களோடு இருந்த பழைய மெசேஜ் வரிசையை நீக்கிவிட்டுப் புதிதாக அனுப்பச் சொல்லுங்கள். ஓடிபியும் வரவில்லை என்றால் இது வேறு கதை. சிம் கம்பெனி ஷோரூமுக்குப் போங்கள்.

## போன் மாற்றியதும் வாட்ஸ்அப்பில் பழைய பேச்சு எல்லாம் காணவில்லை

அழுதுகொண்டே வருகிறவர்கள் இதற்குத்தான் வருகிறார்கள். இறந்துபோன அம்மாவின் வாய்ஸ் மெசேஜ், நிலம் வாங்கியபோது பேசிய பேச்சு, எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவில் எடுத்த பேக்கப்பை ஐபோன் படிக்காது. ஐபோனில் ஐகிளவுடில் எடுத்ததை ஆண்ட்ராய்டு படிக்காது. பேக்கப் இருக்கிறதே என்ற தைரியத்தில் பழைய போனை விற்றுவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

### பழைய போன் இன்னும் கையில் இருக்கிறது

அப்படியானால் வழி உண்டு. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு என்றால் பழைய போனில் ஆப்பிளின் "மூவ் டு ஐஓஎஸ்" ஆப்பைப் போடுங்கள். ஐபோன் புதிதாக, இன்னும் செட்டப் செய்யாத நிலையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் முழுக்க அழித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டையும் சார்ஜில் போட்டு, ஒரே வைஃபையில் வைத்து, இடையில் தொடாமல் விடுங்கள். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால் கேபிளால் இரண்டையும் இணைத்து, புது போனை முதல்முறை செட்டப் செய்யும்போதே மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் அதே நம்பர்தான் இருக்க வேண்டும். எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.

### பழைய போன் போய்விட்டது

விற்ற கடையில் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்களா என்று உடனே கேளுங்கள். இல்லையென்றால், அந்த பேக்கப்பை எடுத்த வகை போனையே வீட்டில் யாரிடமாவது இரவல் வாங்கி, உங்கள் சிம்மைப் போட்டு மீட்டெடுத்து, அங்கிருந்து முறைப்படி மாற்றலாம். இரவல் தருபவரின் வாட்ஸ்அப் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழக்கமில்லை என்றால் தெரிந்தவரை உட்கார வைத்துச் செய்யுங்கள். நிலம், பணம் சம்பந்தமான பேச்சுகளை இப்போதே "எக்ஸ்போர்ட் சாட்" கொடுத்து மெயிலில் போட்டுவையுங்கள். அந்த ஃபைல் எந்த போனிலும் திறக்கும்.

## சார்ஜ் ஏறுகிறது, ஆனால் மெதுவாக

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு போனை அணைத்து, சார்ஜ் ஓட்டையில் சேர்ந்திருக்கும் பஞ்சையும் தூசியையும் மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள். சட்டைப் பையில் வைக்கிறவர்கள் போனில் ஒரு சின்ன உருண்டையே வரும். சாம்சங் போனில் பேட்டரி செட்டிங்ஸுக்குள் ஃபாஸ்ட் சார்ஜிங் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மெதுவாக ஏறினால் அடாப்டரில் பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்களின் முழு வேகம் அவர்களுடைய சூப்பர்வூக் அடாப்டரும் அதற்கான கேபிளும் இருந்தால்தான் வரும். சாம்சங்கின் 25 வாட் வேகத்துக்கு பிபிஎஸ் (PPS) என்று போட்டிருக்கும் டைப் சி அடாப்டர் வேண்டும். அது எந்த நல்ல கம்பெனியுடையதாகவும் இருக்கலாம். வேறு அடாப்டரில் மெதுவாக ஏறுவதால் போன் கெடாது. ராத்திரியில் போட்டுவிட்டுத் தூங்குகிறவருக்கு அது போதும்.

சொந்த அடாப்டர், சொந்த கேபிள் இரண்டிலும் மெதுவாக ஏறி, போன் சுடவும் செய்தால் பழுது. பின்பக்கம் உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை அந்த நிமிஷமே நிறுத்திவிட்டுக் கொண்டுவாருங்கள்.

## இயர்பட்ஸில் பாட்டு கேட்கிறது, மற்றது எதுவும் இல்லை

ஏர்பாட்ஸை ஆண்ட்ராய்டில் சாதாரண ப்ளூடூத்தாகச் சேர்க்கலாம்: மூடியைத் திறந்து, பெட்டியில் உள்ள பட்டனை விளக்கு வெள்ளையாக மின்னும் வரை அழுத்துங்கள். பட்டன் இல்லாத மாடலில் பெட்டியின் முன்பக்கத்தை இரண்டு முறை தட்ட வேண்டும். பாட்டும் பேச்சும் வரும். சார்ஜ் அளவு திரையில் தெரிவதும், ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தானாக மாறுவதும் வராது. பழுதில்லை, ரிப்பேருக்கு அலைய வேண்டாம்.

## ஸ்கிரீன் மாற்றியபின் "தெரியாத பாகம்" என்று காட்டுகிறது

ஐபோன் 11 முதல் ஸ்கிரீனுக்கு இது உண்டு. செய்தி மட்டும் வந்து எல்லாம் வேலை செய்தால் விட்டுவிடுங்கள். ட்ரூ டோன் (சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறம் மாறுவது) மட்டும் போயிருந்தால், பழைய ஸ்கிரீனின் தகவலைப் புதியதில் எழுதும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்குகள் சரிசெய்வார்கள். அதனால் உடைந்த ஸ்கிரீனைக் கடையில் விட்டுவராதீர்கள், கேட்டு வாங்குங்கள். முகத்தைப் பார்த்து போனைத் திறக்கும் ஃபேஸ் ஐடி போய்விட்டதென்றால் போர்டோடு கட்டிய பாகம் அது. கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். 2021இல் ஐபோன் 13 வந்தபோது வெளியில் ஸ்கிரீன் மாற்றினாலே ஃபேஸ் ஐடி நின்றது. எதிர்ப்புக்குப் பிறகு ஒரு அப்டேட்டில் அதை விலக்கினார்கள்.

## வாங்கும்போது ஓடியது, அப்டேட்டுக்குப் பிறகு மறுக்கிறது, கம்பெனியும் கேட்கவில்லை

முதலில் கம்பெனிக்கு மெயிலில் எழுதிப் புகார் எண் வாங்குங்கள். போனில் பேசுவது மட்டும் போதாது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம், பிரச்சினை வந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

கையில் இருக்க வேண்டியவை: பில், மாடல் எண் தெரியும் பெட்டியின் போட்டோ, மறுப்புச் செய்தி தெரியும் திரையின் போட்டோ, அப்டேட் ஆன தேதி. பென்னாகரத்துப் பிரிண்டரில் நான் அன்று அவசரத்தில் திரையைப் போட்டோ எடுக்கவில்லை. வேறு கார்ட்ரிட்ஜ் போட்டதும் செய்தி மறைந்துவிட்டது. பிறகு கம்பெனிக்கு எழுத உட்கார்ந்தபோது காட்ட எதுவும் இல்லை. அதிலிருந்து எந்தப் பொருள் மேசைக்கு வந்தாலும், துடைக்கத் துணியை எடுக்கும் முன்பே திரையைப் போட்டோ எடுத்து, கொண்டுவந்தவருடைய வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுகிறேன்.